காகத் தட்டுடன் முல்லைத்தீவுக்கு

மாசி மாதம் போய்வந்த பயணத்தை இப்போது, வைகாசியில்தான் எழுதுகிறேன். பிந்தியதற்குப் பிள்ளை ஒரு காரணம். ஒரு வயது, பல் வருகிறது, மடியை விட்டு இறங்கமாட்டாள். மற்றக் காரணம் போகப் போகத் தெரியும்.

நம் சுற்றுமடல் போகும் வீடுகள் இருபதுக்குக் கிட்ட. இருபது வீட்டிலும் கிராமபோன் பெட்டி இருக்கிறது. ஆனால் எல்லாரிடமும் இருப்பது அநேகமாக ஒரே இசைத்தட்டுகள்தான். கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் எது போகிறதோ அதையே நாமும் வாங்குகிறோம். ஒலிபெருக்கிக்காரர் தொடாத தட்டுகள் வன்னிக்குள் எங்கே இருக்கின்றன, அங்கே எப்படிப் போவது என்று எழுதும்படி மடல் நடத்துபவர்கள் கேட்டிருந்தார்கள். இரண்டு தொகுதிகளைப் பற்றிச் சொல்கிறேன். இரண்டாவதை நான் பரிந்துரைக்கலாமா என்று கடைசியில் நீங்களே முடிவு செய்யுங்கள்.

அந்த இரண்டாவது தொகுதி முல்லைத்தீவில் திரேசம்மா அக்காவுடையது. மண்ணிறத் துணி அட்டைப் புத்தகத்துக்குள் நாலு தட்டு, எட்டுப் பக்கம், முழுக்க வயலின். வாசித்தவர் ஒரு பெண் என்பதைத் தவிர எனக்கு ஒன்றும் தெரியாது. தட்டுகளின் நடுத் தாளில் பெயர் இருந்த இடங்களைப் பூச்சி அரித்துவிட்டது. மூன்றாம் தட்டின் இரண்டாம் பக்கத்தில், வாசிப்பு முடியும் இடத்தில், ஒரு காகம் கத்தும். பதிவு செய்த அறையில் யன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள் போல. அந்த அம்மா நிறுத்தவில்லை. காகம் கத்தி முடியும்வரை வில்லை ஒரே சுரத்தில் இழுத்துப் பிடித்திருந்து, பிறகுதான் முடிக்கிறார்.

ஐப்பசியில் என் கணவர் நீர்ப்பாசன வேலையாக முல்லைத்தீவுக்குப் போனபோது அதை இரவல் வாங்கி வந்தார். வரும்போதே முணுமுணுப்பு. "அரை மணித்தியாலம் வெளியிலை, வேலிப் படலையடியிலை நிப்பாட்டி வைச்சிட்டா. தர விருப்பமில்லையெண்டால் இல்லையெண்டு சொல்லலாம்தானே" என்றார். பிறகு சாப்பிட்டுக்கொண்டே, "அந்த வீட்டுப் பிள்ளைக்குக் குக்கல். அந்தத் தொத்து இருமல் றோட்டுக்குக் கேக்குது" என்றார்.

எனக்கு அதற்கு மேல் ஒன்றும் காதில் விழவில்லை. மகள் நாலு மாதத்தில் வயிற்றோட்டத்தால் ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவள். அன்றிலிருந்து என் அலுமாரியில் ஸ்பிரிற்றுப் போத்தல் இல்லாத நாள் இல்லை. கரண்டி, கதிரைக் கைப்பிடி, தபால்காரர் தந்த கடிதம் எல்லாம் துடைப்பேன். மறுநாள் காகம் கத்தும் தட்டை முதலில் எடுத்தேன். பஞ்சைத் தோய்த்துத் துடைத்தேன். பஞ்சு கறுப்பாக வந்தது. அழுக்கு வருகிறது என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் துடைத்தேன். காய்ந்த பிறகு தட்டு மினுங்கவில்லை; சாம்பல் பிடித்த மாதிரி இருந்தது. பெட்டியில் போட்டேன். வயலின் வரவில்லை. இரைச்சல்தான் வந்தது. பயத்தில் பாதியில் ஊசியைத் தூக்கிவிட்டேன்.

நம் வட்டத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். இரவல் தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது உடையவரின் முன்னால் எல்லாப் பக்கத்தையும் ஒருமுறை போட்டுக் காட்ட வேண்டும். ஆள் மூலம் அனுப்பிவிட்டு ஒளிந்துகொள்ள முடியாது. மாசி பிறந்ததும் திரேசம்மா அக்காவிடமிருந்து தபாலட்டை வந்தது. "தபசு காலம் தொடங்க முன்னம் தட்டுகளைத் தாருங்கள். பிறகு நாற்பது நாளும் நோன்பு, பெட்டி திறக்கமாட்டோம். மகள் காகத் தட்டைக் கேட்டு அழுகிறாள்." இவருக்கு லீவு கிடைக்கவில்லை. பிள்ளையையும் தட்டுப் புத்தகத்தையும் தூக்கிக்கொண்டு நானே புறப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்குக் கிளிநொச்சிச் சந்தையடியில் பஸ். மாங்குளம் பதினாறு மைல், கட்டணம் எழுபத்தைந்து சதம். ஏழு இருபதுக்கு இறங்கினேன். அங்கே ஒரு மணித்தியாலம் நிற்க வேண்டும். ஸ்டேசனடித் தேநீர்க் கடையில் பிட்டு நல்லது. தண்ணீரை மட்டும் கொதிக்க வைக்கச் சொல்லிக் கேளுங்கள். முல்லைத்தீவு பஸ்ஸில் கொண்டக்டர் புத்தகத்துக்குக் கை நீட்டினார்.

"தங்கச்சி, உந்தப் புத்தகத்தைத் தாங்கோ, மேலை போடுறன்."

"வேண்டாம், உடைஞ்சிடும்."

"புத்தகம் உடையுமோ? என்ன, கல்லிலை எழுதினதோ?"

பஸ் முழுக்கச் சிரித்தது. ஒரு தொடையில் பிள்ளை, மற்றத் தொடையில் புத்தகம். இரண்டு பக்கமும் வெட்டு முடிந்த வயல். நெல்லை றோட்டில் காயப் போட்டிருந்தார்கள். சாரதி நெல்லை விலத்தி ஓட்டும்போதெல்லாம் நான் புத்தகத்தைத்தான் முதலில் பிடித்தேன் என்பது பிறகுதான் உறைத்தது. பிள்ளை நல்லகாலம் தானாகவே என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வழியில் ஒட்டுசுட்டானில் இறங்கி நெடுங்கேணி பஸ் எடுத்தேன். பத்து மைலுக்குக் கிட்ட வரும், ஆனால் முக்கால் மணித்தியாலம் எடுத்தது. கந்தப்பு அண்ணை என்ற தச்சுவேலைக்காரர் வீடு சந்தையிலிருந்து கால் மைல். என் கணவரின் பழைய சிநேகிதர். பழுதான தட்டை அவரிடம் காட்டிப் பார்க்கலாம் என்பது என் நப்பாசை.

முதலாவது பரிந்துரை இவருடையது. இரண்டு தட்டு, நாலு பக்கம், நாதஸ்வரமும் தவிலும். நாலாம் பக்கத்தில் நாதஸ்வரமே இல்லை. தவில் தனியே மூன்றரை நிமிடம் பேசுகிறது. பாட்டு இல்லாத தட்டை ஒலிபெருக்கிக்காரர் எவர் வாங்குவார்? அதனால் இது எங்கும் கேட்பதில்லை. அண்ணை உருக்கு ஊசி போடுவதில்லை. விளாத்தி மரத்து முள் போடுகிறார். ஒரு கிழமை வெயிலில் காயவைத்து, ஒவ்வொரு பக்கம் முடியவும் பிளேட்டால் நுனியைச் சரித்து வெட்டுகிறார். சத்தம் குறைவு. பெட்டியின் மரத்தில் காதை வைக்காத குறையாகக் குனிய வேண்டும். குனிந்தால் தவிலின் தோலில் விரல் உரசுவதுகூடக் கேட்கிறது. உருக்கு ஊசியில் அது எனக்கு ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு என் தட்டை நீட்டினேன். வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தார். மணந்து பார்த்தார்.

"பிள்ளை, இதுக்கு என்ன பூசினனீங்கள்?"

"ஒண்டும் பூசேல்லை. துடைச்சனான்."

"என்னத்தாலை?"

"ஸ்பிரிற்றாலை."

அவர் மர வாங்கில் குந்திவிட்டார். சிரிப்பு அடங்க நேரம் எடுத்தது. "இஞ்சை வாரும்!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "படிச்ச பிள்ளை ஒண்டு தட்டுக்குப் பொலிஷ் போட்டுக்கொண்டு வந்திருக்குது!" மூலையிலிருந்த போத்தலை எடுத்து ஆட்டிக் காட்டினார். உள்ளே செம்மண் நிறத்தில் கூழ். "இது அரக்கு. ஸ்பிரிற்றிலை ஊறப்போட்டுத்தான் உங்கட வீட்டுக் கதிரைக்குப் பூசினனான். நீங்கள் பக்கத்திலை நிண்டு பாத்தனீங்கள். தட்டும் அரக்குத்தானே, பிள்ளை. இனி ஒண்டும் செய்யேலாது."

உண்மைதான், நின்று பார்த்தேன். நல்ல மினுக்கம் என்றுகூடச் சொன்னேன்.

என் முகத்தைப் பார்த்து அவர் இரங்கியிருக்க வேண்டும். "பஸ்ஸிலை வெயில் பட்டுப் போச்செண்டு சொல்லுங்கோ. எல்லாரும் நம்புவினம். ஆர் மணந்து பாக்கப் போகினம்?" என்றார்.

அவருடைய மனைவி சோற்றுக் கோப்பையை என் கையில் தந்தபடி, "அதுசரி, என்னத்துக்கு ஸ்பிரிற்று?" என்று கேட்டார்.

"தூசி" என்றேன்.

இரவு அங்கேயே தங்கி, சனிக்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மறுபடி ஒட்டுசுட்டான்; அங்கிருந்து முல்லைத்தீவு பதினாலு மைல். ஒன்பதரைக்கு இறங்கினேன். வழி முழுக்க வெயில் என்ற சொல்லைத்தான் மனதுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். வெயில் என்றால் இன்னொருவரின் பிழையுமில்லை, என் பிழையுமில்லை. தட்டைக் கெடுத்ததைச் சொல்லலாம். உங்கள் வீட்டுத் தட்டைத் தொடவே பயந்தேன் என்று ஒரு தாயிடம் எப்படிச் சொல்வது?

பஸ் நிலையத்திலிருந்து கடற்கரைப் பக்கமாக அரை மைல் நடை, மணல் வழி. திரேசம்மா அக்காவின் மனிசன் அதிகாலை கடலுக்குப் போனவர், இன்னும் வரவில்லை. வளவில் மீன் காய்ந்தது. மாதா படத்துக்குக் கீழே கிராமபோன், மேலே பின்னல் துணி. மகள் ரெஜினாவுக்கு ஆறு வயது. குக்கல் மாறி நல்ல சுகம், ஆனால் கழுத்து மெலிந்திருந்தது. ஓடிவந்தவள் என் பிள்ளையைப் பார்க்கவில்லை, புத்தகத்தைத்தான் பார்த்தாள்.

"காகம் கொண்டு வந்தனீங்களோ?"

அந்தக் கேள்வியோடு வெயில் போய்விட்டது.

"அக்கா, மூண்டாம் தட்டுப் பழுதாப் போச்சு" என்றேன்.

"உடைஞ்சிட்டுதோ?"

"இல்லை. நான்தான் பழுதாக்கினனான். ஸ்பிரிற்றாலை துடைச்சனான்."

"ஏன் தங்கச்சி, அழுக்காயோ இருந்தது?"

"இல்லை. ரெஜினாவுக்குக் குக்கல் எண்டு இவர் சொன்னவர். என்ரை பிள்ளைக்குத் தொத்திவிடும் எண்டு பயந்தனான்."

 அக்கா எழும்பி மீனில் மொய்த்த இலையான்களைக் கலைத்தார். திரும்பி வந்து எனக்கு முன்னால் நின்றார்.

"அண்டைக்கு உங்கட மனிசன் படலையடியிலை நிண்டவர், ஞாபகமோ?"

"ஓம். அரை மணித்தியாலம்."

"நான் குசினிக்குள்ளை நிண்டனான். தண்ணி கொதிக்க வைச்சு, ஆறவிட்டு, துணி நனைச்சு எட்டுப் பக்கமும் துடைச்சனான். வீட்டிலை கைக்குழந்தை எண்டு அவர் சொன்னவர். அந்தப் பயம் எனக்கு இருக்காதோ? உள்ளை கூப்பிட்டால் அவருக்கும் தொத்தும் எண்டுதான் வெளியிலை விட்டனான்."

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

"கோபமோ, அக்கா?"

"கோபம்தான். இருங்கோ, பிளேன்ரீ ஊத்திக்கொண்டு வாறன்."

வழக்கப்படி எல்லாப் பக்கத்தையும் போட்டோம். முதல் நாலு பக்கமும் நான் நினைத்ததைவிட நன்றாக இருந்தன. நாலாம் பக்கத்தை மட்டுமாவது நீங்கள் கேட்க வேண்டும். அந்த அம்மா தாழ்ந்த தந்தியை விட்டு மேலே ஏறவே மாட்டேன் என்று பிடிவாதம் பிடிக்கிறார். பிறகு மூன்றாம் தட்டு. முதல் பக்கம் இரைச்சல். திருப்பிப் போட்டோம், அதே இரைச்சல். "மீன் பொரியுது" என்றாள் ரெஜினா. ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஊசியைத் தூக்கக் கை நீட்டினேன். "விடுங்கோ, முடியட்டும்" என்றார் அக்கா.

கடைசி வளையங்களில் இரைச்சல் மெலிந்தது. நடுவில் ஒட்டியிருக்கும் தாள் நனைந்துவிடும் என்று அந்த ஒரு விரல் அகலத்தை நான் துடைக்காமல் விட்டிருந்தேன். அங்கே வயலின் எழும்பியது, ஒரே சுரம். அதற்கு மேலே காகம் மூன்று தரம் கத்தியது.

"காகம் இருக்குது!" என்று ரெஜினா துள்ளினாள். என் பிள்ளையும் காரணம் தெரியாமல் கை தட்டினாள். இன்னும் நாலு தரம் அந்த விரல் அகலத்தை மட்டும் போட வேண்டியிருந்தது. திரேசம்மா அக்கா கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டார். அவருக்கு வேண்டியது காகமில்லை, அதற்கு முன்னால் இருந்த மூன்று நிமிடம். அது எனக்குத் தெரிந்தது.

இரண்டு மணி பஸ்ஸுக்குப் புறப்பட்டபோது, "இனி இந்தப் புத்தகம் படலை தாண்டாது" என்றார். "ஆருக்கும் கேக்க விருப்பமெண்டால் இஞ்சை வரட்டும். உங்கட மடலிலை இதையும் எழுதுங்கோ."

அதை எழுத எனக்கு மூன்று மாதம் பிடித்தது. உங்கள் எல்லாருக்கும் இரவல் கிடைக்க வேண்டிய தொகுதி என்னால் ஒரு வீட்டுக்குள் நின்றுவிட்டது. கொழும்புக் கடைகளுக்கு எழுதிப் பார்த்தேன். அப்படி ஒரு தொகுதி வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. உங்களில் யாரிடமாவது, எந்த ஊரிலாவது, பெயர் தெரியாத ஒரு பெண் வயலின் வாசிக்க முடிவில் காகம் கத்தும் தட்டு இருந்தால் எனக்கு ஒரு தபாலட்டை போடுங்கள். நானே வந்து வாங்கிக் கொண்டுபோய் முல்லைத்தீவில் கொடுக்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் இரண்டு வீட்டையும் பார்க்க முடியாது. நெடுங்கேணியில் ஒரு இரவு தங்குங்கள். கந்தப்பு அண்ணைக்கு நல்ல பிளேட் ஒன்று கொண்டுபோங்கள், முள் வெட்ட. தபசு காலத்தில் முல்லைத்தீவுக்குப் போக வேண்டாம். தூசி துடைக்கத் தண்ணீரில் பிழிந்த துணி போதும். வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் முதலே கடிதத்தில் எழுதிவிடுங்கள். போனதும் திரேசம்மா அக்கா உங்களைப் படலையடியில் கொஞ்ச நேரம் காக்க வைக்கக்கூடும். முணுமுணுக்காமல் நில்லுங்கள்.