கேட்டு எடுத்த படம்

அமுதவள்ளி போட்டிக்காரி. கல்யாண வீடுகளில் படம் எடுத்துப் பழகியவரை, பிரிக்பீல்ட்ஸில் இயங்கும் ஒரு தமிழ் நாளிதழ் வேலைக்கு எடுத்தபோது, பொம்பளைக்கு இந்த ஓட்டம் தாங்குமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். தாங்கியது. வெள்ளம், தீ விபத்து, தேர்தல் என்று எங்கே போனாலும் ஆண்களை இடித்துத் தள்ளி முன்னால் போய் நிற்பார். முதல் பக்கத்தில் தன் படம் வராத வாரம் அவருக்குச் சோறு இறங்காது.

போர்ட் கிள்ளானில் ஒரு சரக்குக் கிடங்கின் இரும்பு அடுக்குகள் சரிந்த மதியமும் அவர்தான் முதலில் போய்ச் சேர்ந்தார். அவர் வீடு பக்கத்திலேயே, பண்டமாரானில். சரக்கைத் தூக்கி அடுக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டிய யுகேந்திரன் அடியில் சிக்கி இறந்துவிட்டிருந்தார். வளைந்து கிடந்த அடுக்குத் தூண்களை, தீயணைப்பு வீரர்களை, வாசலில் திகைத்து உட்கார்ந்திருந்த தொழிலாளர்களை அமுதவள்ளி படம் எடுத்தார். மற்ற பத்திரிகைக்காரர்களும் வந்துவிட்டார்கள்.

அப்போது யுகேந்திரனின் மனைவி ரமணி, கையுறைத் தொழிற்சாலைச் சீருடையோடு ஓடி வந்தார். கணவரின் உடலைக் கண்டதும் மண்ணில் விழுந்து புரண்டார். சட்டை விலகியதுகூடத் தெரியவில்லை. கேமராக்களும் கைப்பேசிகளும் சூழ்ந்துகொண்டன. அமுதவள்ளியின் விரலும் பொத்தானில்தான் இருந்தது. நாளைய முதல் பக்கம் அவர் கண்முன்னால் கிடந்தது.

அவர் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, பையிலிருந்த குடையை விரித்து, ரமணிக்கும் கூட்டத்துக்கும் நடுவில் பிடித்தார்.

"அவங்ககிட்ட யாராச்சும் கேட்டீங்களா? கேக்காம எடுக்காதீங்க லா."

சிலர் விலகினார்கள். சிலர் குடைக்கு மேலே கையைத் தூக்கி எடுத்தார்கள். மறுநாள் மற்ற ஏடுகளில் ரமணியின் முகம் வந்தது. அமுதவள்ளியின் ஏட்டில் வளைந்த தூண்கள் வந்தன. ஆசிரியர் திருச்செல்வம் அவரை அறைக்குள் கூப்பிட்டார்.

"நீ படம் எடுக்கப் போனியா, குடை பிடிக்கப் போனியா?"

அதற்குப் பிறகு அமுதவள்ளிக்குக் கிடைத்ததெல்லாம் பங்சாரில் கடைத் திறப்பு விழாவும் பள்ளி விளையாட்டுப் போட்டியும்தான். உள்ளே எரிந்தது. ஆனாலும் அந்த மதியத்தை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும், குடையை மடக்கிவிட்டுப் படம் எடுத்திருக்கலாம் என்று அவருக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

சில வாரங்கள் கழித்துக் கிடங்கு நிர்வாகம் அறிக்கை விட்டது. யுகேந்திரன் கண்மூடித்தனமாக வண்டி ஓட்டித் தூணில் மோதியதுதான் காரணமாம். ரமணி வீட்டு வாசலில் செய்தியாளர்கள் குவிந்தார்கள். அவர் கதவைத் திறக்கவில்லை. நாளிதழ் அலுவலகத்துக்கு அவரே அழைத்து, அன்றைக்குக் குடை பிடித்த அக்கா வந்தால் மட்டும் பேசுவதாகச் சொன்னார். அழைப்பை எடுத்தவர் திருச்செல்வம். அமுதவள்ளியின் மேசைக்கு அவரே நடந்து வந்து விஷயத்தைச் சொன்னார்.

முதல் நாள் அமுதவள்ளி கேமராவை வெளியே எடுக்கவே இல்லை. ரமணி பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தார். தூண்கள் பல மாதங்களாகவே வளைந்திருந்தன, யுகேந்திரன் மேலாளரிடம் முறையிட்டும் யாரும் கவனிக்கவில்லை, கூட வேலை செய்தவர்களுக்கு இது தெரிந்தும் வேலை போய்விடுமென்று பயப்படுகிறார்கள். எல்லாவற்றையும் சொல்லி முடித்த பிறகு, படத்தில் தன்னை எப்படிக் காட்ட வேண்டும் என்பதை ரமணியே முடிவு செய்யட்டும் என்றார் அமுதவள்ளி.

ரமணி கொடியில் கிடந்த சீருடையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "அன்னிக்கு ஊரே என்னை விழுந்து கெடக்கறவளாப் பாத்துச்சு. நிக்கறவளாக் காட்டுங்கக்கா."

கிடங்கின் வாசலில், அதே சீருடையில், நிமிர்ந்து நின்றார் ரமணி. யுகேந்திரனோடு வேலை செய்த தம்புசாமி வந்து பக்கத்தில் நின்றார். அவரைப் பார்த்து இன்னும் சிலர் வந்தார்கள். முகம் காட்டப் பயந்தவர்கள் கேமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார்கள். அது போதும், யாரும் திரும்ப வேண்டாம் என்றார் அமுதவள்ளி. படம் முதல் பக்கம் முழுவதையும் நிறைத்தது. கீழே தம்புசாமியின் வாக்குமூலம்.

அந்தப் படம் கிள்ளான் முழுக்கக் கைப்பேசிகளில் சுற்றியது. முதுகைக் காட்டி நின்றவர்கள் ஒவ்வொருவராக விசாரணை அதிகாரிகளிடம் போய்ச் சாட்சி சொன்னார்கள். விபத்தன்று அமுதவள்ளி எடுத்த படத்தைப் பெரிதாக்கியபோது, தூணின் பழைய வளைவுமேல் பூசி மறைத்திருந்த மஞ்சள் பெயின்டும் தெரிந்தது. நிர்வாகம்மீது வழக்குப் பதிவானது. அடுக்குகள் அத்தனையும் பிரிக்கப்பட்டுப் புதிதாக எழும்பின. திருச்செல்வம் அலுவலகத்தில் எல்லாரையும் கூட்டி, குடும்பத்தின் சம்மதம் இல்லாமல் துக்கத்தில் இருப்பவர் முகம் இனி இந்த ஏட்டில் வராது என்றார். சொல்லிவிட்டு அமுதவள்ளியைப் பார்த்துத் தலையைத் தாழ்த்திக்கொண்டார்.

நிர்வாகம் குற்றவாளி, யுகேந்திரன்மேல் தவறில்லை என்று நீதிமன்றம் சொன்ன காலையில், ரமணி படியிறங்கி வந்தார். தம்புசாமியின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். எதிரே கேமராக்கள் வரிசையாக நின்றன. எதுவும் உயரவில்லை. கிடங்கில் குடைக்கு மேலே கையைத் தூக்கியவர்களில் ஒருவர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"எடுக்கலாமாக்கா?"

"எடுங்க," என்றார் ரமணி. "இது வேற அழுகை."

அதைக் கேட்டதும் அமுதவள்ளி இரண்டு பேரை இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் போய் நின்றார். மறுநாள் வந்த படங்களில் அவருடையதுதான் முதல்தரம்.