காட்டேரிப் புத்தகத்தின் கடைசித் தாள்

போன வாரம் என் தங்கை மகள் தன் கைபேசியை என் மூக்கருகே நீட்டினாள். ஏதோ ஒரு நாவலாம். பாழடைந்த கோட்டை, ரத்தம் குடிக்கும் பிரபு, அவனிடம் மயங்கும் பெண். கதையைவிட அதன்கீழே வாசகர்கள் போட்டுக்கொண்ட சண்டைதான் அவளுக்குச் சுவாரசியம். ஒருவர், 'அருவருப்பு, பாதியில் மூடிவிட்டேன்' என்கிறார். அடுத்தவர், 'மூன்று முறை படித்துவிட்டேன், இன்னும் ஆசை தீரவில்லை' என்கிறார். "பெரிம்மா, நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டேன். அடுப்பில் பாலும் இல்லை, தண்ணீரும் இல்லை.

நான் இரண்டு கட்சியிலும் இருந்தவள். அந்தப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்வது? உங்களிடம் சொல்கிறேன்.

மயில்துத்தம் போட்டுக் காய்ச்சிய மைதாப் பசையின் வாசம் உங்களுக்குத் தெரியுமா? எனக்கு அது ஆரணியின் வாசம். ஊருக்கே பட்டு வாசம், சாய வாசம் என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்குப் பசைதான். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு வாடகை லைப்ரரி இருந்தது. அதன் உரிமையாளர் வாரப் பத்திரிகைகளில் வந்த தொடர்கதைகளைக் கிழித்து, தைத்து, பசை தடவி, அட்டை போட்டுப் புத்தகமாக்கிவிடுவார். அந்த ஈரம் காய்வதற்குள் வாங்கிப் படித்தவர்கள் நாங்கள். விரலில் பசை ஒட்டும். அந்த விரலோடு முறுக்கும் தின்போம்.

நாங்கள் என்றால் நானும் கஸ்தூரியும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பட்டு வியாபாரி வீட்டு மாடியில் எங்களுக்கு டிசைன் போடும் வேலை. முந்தானையில் வரவேண்டிய அன்னத்தையும் மாங்காயையும் கட்டம் போட்ட தாளில் நான் வரைவேன். எந்த இடத்தில் எந்த நிறம் என்று ஓரத்தில் கஸ்தூரி எழுதுவாள். அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை. 'கு'வின் காலைக் கீழ்வரி வரை இழுத்துவிடுவாள். நெசவுக்காரர்கள் அந்த எழுத்தைப் பார்த்தே எங்கள் மாடியில் போட்ட டிசைன் என்று கண்டுபிடித்துவிடுவார்கள்.

கஸ்தூரிக்கு அப்பா இல்லை. வீட்டை நடத்திய அண்ணன் அவளைச் சினிமாவுக்கு விடமாட்டார், திருமலைக்குச் சுற்றுலா போனாலும் விடமாட்டார். புத்தகம் மட்டும் படிக்கலாம். தங்கை படிக்கிறாள் என்பதில் அவருக்கு ஒரு பெருமை. அந்த ஒரு வாசல்தான் அவளுக்குத் திறந்திருந்தது; அதன் வழியாக அவள் எங்கெங்கோ போய்வந்துகொண்டிருந்தாள். நடந்துகொண்டே படிப்பாள். எதிரே வரும் மாட்டு வண்டிதான் ஒதுங்கிப் போகவேண்டும்.

அந்த லைப்ரரியில் ஒரு வழக்கம் இருந்தது. வாசகர்கள் பக்க ஓரங்களில் எல்லாம் கிறுக்குவதைப் பொறுக்காமல், உரிமையாளர் ஒவ்வொரு புத்தகத்தின் பின்னாலும் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டார். "எதனா சொல்லணும்னா இதுல எழுதுங்க. பேரு மட்டும் போடாதீங்க, அப்புறம் பேஜாரு" என்பார். படிக்கிறவர்கள் புத்தகத்தை எடுத்ததும் முதலில் புரட்டுவது கடைசித் தாளைத்தான். 'அருமை', 'அறுவை', 'நாற்பதாம் பக்கத்தில் கைக்குட்டை எடுத்துக்கொள்ளவும்' என்றெல்லாம் இருக்கும். ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கருத்து எதுவும் எழுதமாட்டார். மற்றவர்களின் எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்தி வைப்பார்.

அந்தத் தாள்களிலேயே அதிகம் அடிபட்டது காட்டேரிப் புத்தகத்தின் தாள்தான். யாரோ எந்த மொழியிலிருந்தோ பெயர்த்த தொடர். முதல் பக்கம் தொலைந்துபோயிருந்ததால் தலைப்பு எங்களில் ஒருவருக்கும் தெரியாது. பெயர்த்தவர் கோட்டையை ஜமீன் பங்களாவாக மாற்றிவிட்டுப் பனியை எடுக்க மறந்துவிட்டார். ஜமீன் பங்களா கூரைமேல் பனி கொட்டிக்கொண்டே இருக்கும். அதையெல்லாம் யார் கவனித்தார்கள்? ஜமீன்தார் சாகாதவன். இரவில் ஜன்னல் வழியாக வருவான். கதாநாயகியின் கூந்தலை ஒதுக்குவான். கழுத்தருகே குனிவான். உடனே 'தொடரும்' என்று போட்டுவிடுவார்கள்.

மூன்று முறை எடுத்துப் படித்தேன். மூன்றாம் முறை திருப்பிக் கொடுக்கும்போது, பின்னட்டையில் என் உறுப்பினர் எண்ணே வரிசையாக மூன்று முறை இருந்ததைக் கண்டு சட்டென்று அட்டையைக் கவிழ்த்தேன். அப்போது பெரணமல்லூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு. நல்ல பெண் என்று காட்டிக்கொள்ள எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். கடைசித் தாளில் எழுத்தை இடப்பக்கம் சாய்த்து எழுதினேன்: 'படு ஆபாசம். குடும்பப் பெண்கள் தொடக்கூடாத புத்தகம்.' மூன்று முறை தொட்டவள் எழுதியது.

அடுத்த வாரம் அதன்கீழே ஒரு பதில் இருந்தது. 'இதில் ஆபாசம் எங்கே? ஒருத்தியைக் கேட்டுக்கொண்டு அவளுக்கு அருகே வருகிறான். அவள் வா என்றால்தான் வருகிறான். என்னிடம் இதுவரை யாரும் எதையும் கேட்டதில்லை. படித்துவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்துப் படுத்தேன்.'

ஆரணியே இரண்டாகப் பிரிந்துவிட்டது என்று சொன்னால் கொஞ்சம் மிகைதான், உறுப்பினர்கள் பிரிந்தார்கள். 'ஜன்னலைத் திறந்தால் கொசுதான் வரும்' என்று ஒருவர். 'சமூகம் எங்கே போகிறது?' என்று ஒருவர். 'காட்டேரிக்குப் பூண்டு ஆகாதாமே, எங்கள் வீட்டுக்காரருக்கும் ஆகாது, இப்போதுதான் சந்தேகம் வருகிறது' என்று ஒருத்தி. வாத்தியாரின் சிவப்பு மை தீர்ந்திருக்க வேண்டும். தாள் நிறைந்து, உரிமையாளர் இரண்டாவது தாள் ஒட்டினார். ஆனால் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: ஜன்னலைத் திறந்து வைத்தவள் யார்?

எனக்குத் தெரியும். 'படுத்தேன்' என்று எழுதிய பேனா எதுவென்று தேட வேண்டியதே இல்லை. மேலே 'அவளுக்கு' என்ற சொல்லில் 'கு'வின் கால் கீழ்வரி வரை இறங்கியிருந்தது.

ஒருநாள் மதியம் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, எங்களோடு வேலை செய்த சாந்தாக்கா அந்தப் புத்தகத்தோடு வந்தாள். கஸ்தூரி கை கழுவக் கீழே போயிருந்தாள். "இன்னாடி, உன் நம்பருதான் மூணு வாட்டி இருக்குது. நீதான் ஜன்னல தொறந்து வெச்சிகினு படுத்தவளா? பெரணமல்லூரு மாப்பிளைக்குத் தெரிஞ்சா இன்னா ஆவுறது?" என்று சிரித்தாள். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நானும் விளையாட்டாக ஏதாவது சொல்லியிருக்கலாம்.

"ஐயோ, நான் இல்லக்கா. கஸ்தூரி எழுதனது. வேணும்னா பாருங்க" என்றேன். வாயால் சொன்னதோடு விட்டேனா? கஸ்தூரியின் மேசையிலிருந்த டிசைன் தாளை உருவி, புத்தகத்தின் கடைசித் தாளுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். 'அரக்கு'வின் காலில் என் விரலை வைத்து, 'அவளுக்கு'வின் காலிலும் வைத்தேன். சாந்தாக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. நிமிர்ந்தபோது ஈரக் கையோடு கஸ்தூரி படியில் நின்றிருந்தாள்.

அவள் என்னைத் திட்டவில்லை. சாப்பாட்டு டப்பாவை மூடிப் பையில் வைத்தாள். பிறகு என் அருகில் வந்து மெதுவாகச் சொன்னாள்: "மேல எழுதனது நீதான்னு எனக்கு அன்னிக்கே தெரியும்டி. சாச்சி எழுதனா உன் எழுத்து எனக்குத் தெரியாதா? உனக்குதான் பதில் எழுதனேன். உன்கிட்ட பேசறதா நெனச்சிகினுதான் எழுதனேன்."

சாந்தாக்காவின் வீடு கஸ்தூரியின் வீட்டுக்கு அடுத்த வீடு. பொழுது சாய்வதற்குள் செய்தி அண்ணனிடம் போய்விட்டது. மறுநாள் அவர் லைப்ரரியில் நின்று கத்தினார். "எந்தங்கச்சி கையில இந்தக் கண்றாவிய குடுத்தது யாரு?" உரிமையாளர் பயந்துபோய், அந்தப் புத்தகத்தில் மட்டுமல்லாமல் இருந்த புத்தகம் எல்லாவற்றிலும் கடைசித் தாளைப் பிளேடால் அறுத்து எடுத்துவிட்டார். அதற்குப் பிறகு அங்கே யாரும் எதையும் எழுதவில்லை. கஸ்தூரி மாடிக்கும் வரவில்லை, லைப்ரரிக்கும் வரவில்லை. அடுத்த தை மாதம் அவளைக் கண்ணமங்கலத்தில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை பிடித்திருக்கிறதா என்று அவளைக் கேட்டார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. எனக்குப் பத்திரிகை வரவில்லை. பெரணமல்லூர்க்காரர்களும் ஜாதகம் சரியில்லை என்று போய்விட்டார்கள். யாருக்கு நல்லவளாகக் காட்டிக்கொள்ள அவளைக் காட்டிக்கொடுத்தேனோ, அவர்கள் என் வீட்டு வாசலைக்கூட மிதிக்கவில்லை.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து வேலூர் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. ஒதுங்கி இடம் கொடுத்தாள். "நல்லா இருக்கியா?" என்றாள். இருக்கிறேன் என்றேன். அவள் மடியில் சாய்ந்திருந்த பெண்ணுக்குப் பத்து வயது இருக்கும். பள்ளிக்கூடத்தில் கொடுத்த கதைப் புத்தகத்தை, பஸ் குலுங்கக் குலுங்க, கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டிருந்தது. பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அம்மா, நீ சின்ன வயசுல கத புக்கு படிச்சிருக்கியா?" என்று கேட்டது.

"எனக்குப் படிக்கறதெல்லாம் புடிக்காதும்மா" என்றாள் கஸ்தூரி. சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்தப் பிள்ளையிடம் சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. உன் அம்மா மாதிரி படித்தவள் ஆரணியிலேயே கிடையாது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும். எப்படித் தெரியும் என்று அது கேட்குமே என்று பயந்து வாயை மூடிக்கொண்டேன். கண்ணமங்கலத்தில் இருவரும் இறங்கிப் போனார்கள்.

அந்த லைப்ரரி இருந்த இடத்தில் இப்போது கைபேசிக் கடை. அது எப்படியும் போயிருக்கும், எல்லா ஊரிலும் போயிற்று. கஸ்தூரி படிப்பதை நிறுத்தியது மட்டும் என்னால்.