பிந்திய மணிக்கூடும் நான் எழுதிய பொய்யும்

காலத்தைக் கடந்து நின்றும் ஒவ்வொரு கணத்துள்ளும் உறைபவனே, கூற்றுவனை உதைத்தருளிய திருவடியே, என் சொல் பிறழாது காத்தருள்க.

இன்று விஜயதசமி. அம்பிகையின் முன் வைத்துப் பூசித்த கருவிகளை மீண்டும் கையிலெடுக்கும் நாள். அரம் அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் பேனையை எடுத்திருக்கிறேன்.

ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின், உடப்பில் என் வீட்டுப் பின்புறச் சாய்ப்பில் மணிக்கூடு செய்யத் தொடங்கினேன். பித்தளைத் தகட்டில் பற்சக்கரம் வெட்டும் பொறுமை என் விரல்களுக்கு வாய்க்கவில்லை. வெட்டித் தந்தவர் பாலாவியில் லொறி கராஜ் வைத்திருந்த ஒரு நண்பர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்தவர். ஞாயிறுதோறும் மோட்டார்சைக்கிளில் சக்கரங்களோடு வருவார். நான் அவரை, அவர்கள் வழக்கில் அண்ணனைக் கூப்பிடுவதுபோல், நானா என்பேன். அவர் என்னை மாஸ்டர் என்பார்.

போர் ஓய்ந்து, மன்னாரில் அவர் தம் வளவைத் துப்புரவாக்கி வீடு எழுப்பிய ஆண்டில், ஒரே அளவில் இரண்டு மணிக்கூடுகள் செய்தோம், எனக்கொன்று, அவருக்கொன்று.

"புது வீட்டுச் செவத்துல மொத ஆணி இதுக்குத்தான், மாஸ்டர்," என்றார்.

என்னுடையது முதலில் முடிந்தது. காலையில் அது ஆறு அடித்து ஓய்ந்ததும் கோயில் மணி எழும். ஒரு நாளும் தவறியதில்லை. என் ஊசலுக்கு இறைவன் தரும் சான்று அது என்று உள்ளம் உருகினேன். அதைத் திருத்தும் திருகாணியை நான் தொடவேயில்லை.

"ரேடியோச் செய்தியக் கேட்டு ஒருக்கா வச்சுப் பாருங்களேன்," என்றார் நண்பர்.

"சாமியின்ர மணிக்கு ரேடியோ சாட்சியோ, நானா?"

அவர் சிரித்தார். "சரி, ஒங்கட சாமி, ஒங்கட மணி. நான் பல்லு வெட்டுற ஆள்தானே."

என் மனைவியும் ஒருநாள் சொன்னாள்: "இப்பெல்லாம் முதல் பஸ் முந்திப் போகுதெண்டு சனம் ஏசுது."

"றைவர்மாருக்கு அவசரம்," என்றேன்.

நண்பர் குடும்பத்தோடு லொறியில் மன்னாருக்குத் திரும்பும் காலையில், அவருடைய மணிக்கூட்டைப் பாலாவிச் சந்தியில் கொண்டுவந்து கையில் தருவதாக வாக்களித்திருந்தேன். அதைச் சேலைத் துணியில் சுற்றிக்கொண்டு, என் மணிக்கூட்டைப் பார்த்துப் புறப்பட்டேன். முதல் பஸ் போய்விட்டிருந்தது. அடுத்த பஸ்ஸில் பாலாவியை அடைந்தபோது சந்தியில் லொறி இல்லை.

"நானா கனநேரம் ரோட்டையே பாத்துக்கிட்டு நிண்டார்," என்றார் தேநீர்க் கடைக்காரர். "லொறிக்காரன் சத்தம் போட்டபொறகுதான் ஏறினார். இந்த அரத்த ஒங்கள்ட்டக் குடுக்கச் சொன்னார். இனிமே மாஸ்டரே பல்லு வெட்டிப் பழகட்டுமாம்."

கடைச் சுவரிலிருந்த மணிக்கூடு, என் வீட்டு மணிக்கூட்டின்படி இருக்க வேண்டிய நேரத்துக்கு இருபத்தைந்து நிமிடம் முந்தி ஓடிக்கொண்டிருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் என் வீட்டுக்குப் பின்வளவில் குடியிருக்கும் கோயில் ஐயரிடம், எந்த நேரம் பார்த்து மணி அடிக்கிறார் என்று விசாரித்தேன்.

"என்ர கைமணிக்கூடு நிண்டு ரெண்டு மாசம்," என்றார் அவர். "உங்கட மணிக்கூடு ஆறு அடிக்கிறது எங்கட வீட்டுக்குக் கேக்கும். அதைக் கேட்டுத்தானே போய்க் கோயில் மணியை இழுக்கிறன்."

நாளுக்கு அரை நிமிடமாகப் பிந்திய என் மணிக்கூடு, கோயிலையும் தன்னோடு இழுத்துச் சென்றிருக்கிறது. என் செருக்கின் எதிரொலியை நான் அருள் என்று கேட்டிருக்கிறேன்.

அதை அப்படியே நண்பருக்கு எழுதியிருக்கலாம். ரேடியோவைப் பற்றி அவர் சொன்னது சரி என்று ஒரு வரி போதும். நானோ பஸ் வழியில் பழுதாகிவிட்டது என்று எழுதினேன். பதில் வந்தது: "பஸ் பழுதானதுக்கு நீங்க என்ன செய்வீங்க, மாஸ்டர்? ஆணி அடிச்சு வச்சிருக்கேன். கொண்டு வாங்க."

நேரில் சொல்வோம் என்று நாளைத் தள்ளினேன். அடுத்த நோன்பு மாதத்தில் அவர் காலமானார்.

அவருடைய மணிக்கூட்டை மன்னாருக்குக் கொண்டுபோனேன். வெறுஞ்சுவரில் அந்த ஒற்றை ஆணி இருந்தது. அவர் மனைவி மணிக்கூட்டை அதில் மாட்டிவிட்டு, "அந்தப் பஸ்ஸுக்கு எவ்வளவு ஏசினார் தெரியுமா? உங்கள ஒரு சொல் சொல்லல்ல," என்றார். அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

நானா, பஸ் பழுதாகவில்லை. பிழை என்னுடையது.

இதை வாசிக்கும் அனைவருக்கும், சொல்ல வேண்டியதைக் கேட்க வேண்டியவர் இருக்கும்போதே சொல்லும் துணிவை எம்பெருமான் அருள்க. உங்கள் இல்லங்கள் நலத்தோடு நீடூழி வாழ்க.