லிஃப்ட்டுக்காரரும் கரகரத்த பெட்டியும்

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். தெரிந்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் பெயர் தெரியாது, "லிஃப்ட்டுக்காரர்" என்றால்தான் தெரியும். வேலையில் அவருக்கு ஒரே சட்டம். எது கெட்டுப்போனாலும் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றிப் பார்க்க வேண்டும். ரெண்டை ஒன்றாக மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாமல் போய்விடுமாம். சாப்பாட்டில் உப்பும் காரமும் சேர்ந்தே குறைந்தாலும், முதலில் உப்பைப் போட்டு ருசி பார்த்து, யோசித்து, அப்புறம்தான் காரத்துக்குப் போவார். அதற்குள் சாப்பாடு ஆறிப்போயிருக்கும். இப்படி ஒரு மனிதரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்குப் பொறுமை வரும் என்பார்கள். எனக்கு வந்தது கோபம்தான்.

வேலை விட்டு வந்தால் கிட்டார். என் நாத்தனார் பாடுவாள், இவர் வாசிப்பார், எங்கள் தெருப் பல் டாக்டர் டிரம்ஸ் அடிப்பார். வாரம் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பார்த்த ஆத்திரத்தை அவர் அதில்தான் தீர்த்துக்கொள்வார். சனிக்கிழமை சாயந்திரம் ஒரு ஹோட்டலில் மூன்று பேரும் கச்சேரி பண்ணுவார்கள்.

நான் போனதே இல்லை. ஆரம்பத்திலேயே நாத்தனார் சொல்லிவிட்டாள். "அண்ணி, தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க எதிர்ல உட்கார்ந்தா அண்ணாவுக்கு கை நடுங்கும்."

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். அவள் சொன்னதுகூடப் பரவாயில்லை. பக்கத்தில் நின்ற இந்த மனிதர் "சேச்சே, அப்படியெல்லாம் இல்ல" என்று ஒரு வார்த்தை சொன்னாரா? கிட்டார் கம்பியைத் துடைத்துக்கொண்டு நின்றார். அன்றைக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

இப்படி இருக்கும்போது ஆம்ப் மக்கர் பண்ண ஆரம்பித்தது. ஆம்ப் என்றால் கிட்டார் சத்தத்தைப் பெரிதாக்குகிற பெட்டி. முழங்கால் உயரம், கனமான மரப்பெட்டி, முன்பக்கம் ஸ்பீக்கர். வீட்டில் வாசித்தால் தேன் மாதிரி இருக்கும். ஹோட்டலுக்குக் கொண்டுபோனால் கரகரவென்று இழுக்கும், திடீரென்று படபடவென்று வெடிக்கும், சுருதியே தெரியாமல் கிழிந்துபோய் வரும். ஒரு சனிக்கிழமை யாரோ பிறந்தநாள் மெழுகுவர்த்தியை ஊதுகிற நேரத்தில் வெடித்த வெடிப்பில் ஒரு பெரியவர் மேஜைக்கு அடியில் குனிந்துவிட்டாராம்.

நாத்தனார் வீட்டுக்கே வந்து குண்டைத் தூக்கிப் போட்டாள். "அண்ணா, மேனேஜர் கடைசியா சொல்லிட்டாரு. இன்னொரு வாரம் இந்தக் கரகரப்பு வந்தா எல்லாரையும் அனுப்பிடுவாராம். நான் வேற கிட்டார் ஆளைத்தான் பார்க்கணும். எனக்கு வேற வழி தெரியல."

இவர் தலையை மட்டும் ஆட்டினார். நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கிரீஸ் கையோடு நிற்கிற மனிதர். நாலு பேர் முன்னால் வெளிச்சத்தில் நிற்பது அந்த ஒரு சாயந்திரம்தான். அதுவும் போனால் இவர் என்ன ஆவார்?

அந்த வாரம் வீட்டில் நடந்த கூத்தைக் கேட்காதீர்கள். முதலில் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் போகிற ஒயரை மாற்றினார். வாசித்தார். சத்தம் சுத்தமாக இருந்தது. "அப்ப பழைய ஒயர்தான்" என்றேன். பழைய ஒயரைத் திரும்பப் போட்டார். அதுவும் சுத்தமாக இருந்தது. வேறு கிட்டார், வேறு பிளக், எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே சூடாகி மினுக்குகிற கண்ணாடி வால்வுகளைப் பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டினார். சத்தம் கூட்டிக் குறைக்கிற குமிழ்களுக்குள் அழுக்கு எடுக்கிற மருந்து அடித்துத் திருகினார். ஹோட்டலில் ஃப்ரிட்ஜ் ஓடுகிறதே, அதுதான் காரணமோ என்று எங்கள் ஃப்ரிட்ஜை நகர்த்திக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். அதையும் பொறுத்துக்கொண்டேன். எதற்கும் அந்தப் பெட்டி வாயைத் திறக்கவில்லை.

"வீட்டுல யோக்கியம், வெளியில ரகளை. இது ஆம்ப்பா, உங்க சித்தப்பாவா?" என்றேன்.

"கொஞ்சம் சும்மா இரேன்" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் எங்கள் வீட்டிலேயே ஒத்திகை பார்த்தார்கள். கூடத்தில் நாற்காலியெல்லாம் அவர்களுக்கே போய்விட்டது. நான் வழக்கம்போல ஆம்ப் மேல் தலையணையைப் போட்டு உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். எனக்கு இடுப்பு வலி. இவர் வாசிக்கும்போது அந்தப் பெட்டி அதிர்கிற அதிர்வு இடுப்புக்கு அவ்வளவு இதம். அதனால் இவர் கிட்டாரை எடுத்தாலே என் இடம் அதுதான்.

பாட்டு பாதி போகும்போது அடுப்பில் பால் பொங்குகிற வாசனை வந்தது. கத்தியோடு எழுந்து ஓடினேன். பின்னாலேயே கர்ர்ர் என்று ஒரு சத்தம், அப்புறம் படபடா.

"வந்துடுச்சு!" என்று நாத்தனார் அலறினாள்.

பாலை இறக்கிவிட்டு ஓடி வந்து உட்கார்ந்தேன். சத்தம் தேனாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுந்திரு" என்றார். எழுந்தேன், கரகர. "உட்காரு" என்றார். உட்கார்ந்தேன், சுத்தம். பல் டாக்டர் டிரம்ஸ் குச்சியைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

"எல்லாத்தையும் மாத்திப் பார்த்தேன், இவளை மாத்திப் பார்க்கவே இல்லையே!" என்று இவர் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே எங்கேயோ ஈயம் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது, மேலே கனம் அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது என்றார். அதைத் தேடிப் பிடிக்க நேரமில்லை. கச்சேரிக்கு நேரமாகிவிட்டது. என் இடத்தில் அவருடைய டூல்ஸ் பெட்டியை வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஸ்பானரெல்லாம் கடகடவென்று தனியாகத் தாளம் போட்டு, டூல்ஸ் பெட்டியே நகர்ந்து என் காலடியில் விழுந்தது.

"அண்ணியையே கூட்டிட்டுப் போயிடலாமே?" என்றார் டாக்டர்.

நாத்தனார் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நான் பீன்ஸை அப்படியே வைத்துவிட்டு, "எனக்கென்னம்மா, நான் வந்தா உங்க அண்ணாவுக்கு கை நடுங்குமே" என்றேன். அவள் அசடு வழிந்தாள். "அது எதிர்ல உட்கார்ந்தா அண்ணி. நீங்க பின்னால தானே உட்காரப் போறீங்க..."

போனேன். இருப்பதில் நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு, தலையணையும் கையுமாக மேடை ஏறினேன். பெட்டி ஒரு முறைகூட முனகவில்லை. மேனேஜர் வந்து கை குலுக்கினார். அடுத்த சனிக்கிழமையும் போனேன், அதற்கடுத்ததும் போனேன். பெட்டியைப் பிரித்தால் கோளாறு தெரிய மாட்டேன் என்கிறது என்று இவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே இருந்தார். ஒரு நாள் சாப்பிட வந்த அம்மா ஒருத்தி, "நீங்க என்ன வாசிக்கிறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டாள். "வாசிக்கிறதில்லைங்க, உட்கார்றேன்" என்றேன். அவள் ஏதோ புதுவிதச் சங்கீதம் என்று நினைத்துத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

போன சனிக்கிழமை, பாட்டு நடுவில் எனக்குக் கால் மரத்துப்போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன், முடியவில்லை. போச்சு, குடியைக் கெடுக்கப் போகிறோம் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுந்து நின்றேன்.

ஒன்றும் ஆகவில்லை. ஆம்ப் துளிகூடக் கரகரக்கவில்லை. ஆனால் இவர் ரெண்டு இடத்தில் கம்பியைத் தவறவிட்டார். பாட்டு எப்படியோ முடிந்தது. கிட்ட போய்க் காதோடு கேட்டேன்.

"இது எப்ப சரியாச்சு?"

"அது... ரெண்டாவது வாரமே பத்த வெச்சுட்டேன்."

"அப்ப இத்தனை நாளா என்னை எதுக்கு பொம்மை மாதிரி உட்கார வெச்சீங்க?"

"ஒரு நேரத்துல ஒண்ணத்தானே மாத்தணும். ஆம்ப்பை மாத்தியாச்சு. உன்னையும் மாத்தினா..."

"கதை விடாதீங்க. எனக்கு கெட்ட கோபம் வரும்."

அவர் ஜனங்களுக்குத் தெரியாமல் வலது கையைக் கொஞ்சம் நீட்டிக் காட்டினார். விரலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

"நீ எழுந்ததுல இருந்து இப்படித்தான்" என்றார். "முன்னாடியெல்லாம் ஒவ்வொரு வாரமும் இப்படித்தான். அவ அன்னிக்கு அப்படிச் சொன்னப்பவே, இல்லைன்னு சொல்லியிருக்கணும். வாய் வரல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்வானேன். அதற்குள் நாத்தனார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினாள்.

"அண்ணி, சீக்கிரம் உட்காருங்க. அண்ணா தடுமாறுது."

தலையணையைத் தட்டிப் போட்டு உட்கார்ந்தேன். அவர் அடுத்த பாட்டை ஆரம்பித்தார்.