நல்ல ஐடியா... நீயே பண்ணிடு

போன ஞாயிறு பெங்களூரு ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டில் என் கணவரின் டீம் பசங்களுக்கு மதியச் சாப்பாடு. தொம்மலூரில் அவருக்கு ஆபீஸ். ஸ்கூல் வேன் எங்கே வருகிறது என்று பெற்றோருக்குச் சொல்லும் ஆப் ஒன்றைச் செய்கிறார்கள்.

அதில் ஒரே பிரச்னை. 'ஐந்து நிமிடத்தில் வேன்' என்று காட்டும். பெங்களூரு டிராஃபிக்கில் அந்த ஐந்து எப்போது முடியும், யாருக்குத் தெரியும்? பிள்ளையோடு தெருவில் காய்கிற அம்மாக்கள் ஸ்கூலைத் திட்ட, ஸ்கூல்கள் ஆப்பே வேண்டாம் என்கிற நிலைக்கு வந்துவிட்டன. இவருக்குத் தூக்கமில்லை.

"எவ்ளோ ஃப்ரீடம் குடுக்கறேன்... ஒருத்தரும் வாயத் திறக்க மாட்டேங்கறாங்க" என்று என்னிடம் புலம்புவார். பொய்யில்லை. கத்த மாட்டார், யாரையும் மட்டம் தட்ட மாட்டார். பிறகு ஏன்?

அப்பளம் பொரிக்கும்போது கூட நின்ற திவ்யாவிடம் — டீமிலேயே சின்னவள் — சும்மா கேட்டேன்.

"நேரமே காட்ட வேணாம் ஆன்ட்டி. முந்தின ஸ்டாப்ப விட்டு வேன் கிளம்பினதும் ஒரு மெசேஜ் போனா போதும். அப்ப எறங்கி வந்தா சரியா இருக்கும்."

"சார்கிட்ட சொன்னியா?"

"சொன்னா, 'பரவாயில்லையே, நல்ல ஐடியா, நீயே பண்ணிடு'ம்பாரு. இருக்கற வேலை அப்படியே இருக்கும். போன வாட்டி சொல்லிட்டு சனி, ஞாயிறெல்லாம் போச்சு. வேற கம்பெனி பாத்துட்டிருக்கேன்... சார்கிட்ட சொல்லிடாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. இதை நான் கல்யாணமான நாளிலிருந்து பார்க்கிறேனே. குழாய் ஒழுகுகிறது என்றால், 'நல்லவேளை கவனிச்சே, பிளம்பரக் கூப்ட்டுடு' என்பார். அதனாலேயே எத்தனையோ ஒழுகலைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறேன்.

திட்டுகிற தலைவரிடம் இளைஞர்கள் பயந்து வாயை மூடுகிறார்கள். நல்ல தலைவரிடம்? அலுத்துப்போய் மூடிக்கொள்கிறார்கள். மீட்டிங்கில் உட்கார்ந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

எல்லோரும் போன பிறகு, திவ்யாவைப் பற்றி மூச்சு விடாமல், குழாய்க் கதையை மட்டும் அவரிடம் சொன்னேன். புரிந்துவிட்டது. முகம் வாடிப்போனது. பாவமாகத்தான் இருந்தது.

மறுநாள் மீட்டிங்கில், "யார் ஐடியா சொன்னாலும் அவங்க கைல இருக்கற வேலை ஒண்ண நான் எடுத்துக்கறேன்" என்றாராம். முதல் ஆளாகத் திவ்யா கை தூக்கினாளாம். அவள் தயாரிக்கிற வாராந்திர ரிப்போர்ட் இப்போது இவர் லேப்டாப்பில். திணறுகிறார். அவள் இருப்பாளா, போவாளா? தெரியாது. இருக்க வேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

நேற்று, "சிங்க் அடைச்சிருக்கு" என்றேன்.

"நல்லவேளை கவனிச்சே..." என்று ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்தினார். போனை எடுத்தார்.

"நம்ம பிளம்பர் பேரு என்ன?"