கேன்டீன் வாசல் பலகை

கணபதி ஊர்ப் பக்கம் ஒரு பம்பு தொழிற்சாலையில் கணினிப் பாதுகாப்பைக் கவனிப்பவர் சண்முகப்பிரியா. முன்பின் தெரியாதவர் அனுப்பும் எதையும் திறக்கக் கூடாது என்று அங்கே இருநூறு பேருக்குப் பாடம் எடுத்திருக்கிறார். தெரிந்தவர்களைப் பற்றி அந்தப் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை.

அவருடைய பெருமை ஒரு பலகை. மாதம் ஒருமுறை எல்லாருக்கும் பொய் மின்னஞ்சல் ஒன்றை அவரே அனுப்புவார். ஏமாந்து அதைத் தொட்டவர்களின் பெயர் கேன்டீன் வாசலில் ஒரு வாரம் தொங்கும். சென்ற ஆவணியில் தொங்கிய ஒரே பெயர் பழனியாத்தாள்; ஸ்டோர்ஸில் இருபத்தாறு வருஷமாக இருப்பவர்.

அந்த வாரம் அவர் கேன்டீன் பக்கமே வரவில்லை. சாப்பாட்டுப் போசியை ஸ்டோர்ஸிலேயே திறந்து சாப்பிட்டார். அதன்பின் கம்ப்யூட்டரில் ஏற்றுவதையெல்லாம் துண்டுச் சீட்டிலும் எழுதி வைத்தார்.

"எதுக்குங்க்கா ரெட்டை வேலை?" என்று பிரியா சிரித்தார்.

"சீட்டுல எழுதுனா பலகைல ஏத்த மாட்டீங்கல்லங்க அம்மணி."

பலகை வந்த பிறகு, "தப்பா எதையோ தொட்டுப்போட்டேனுங்க" என்று பிரியாவிடம் ஒருவரும் வரவில்லை. தவறே நடப்பதில்லை என்று மேலாளர் அருள்குமார் பாராட்டினார். பிரியாவும் அதை நம்பினார்.

ஒரு புதன்கிழமை காலை, வெள்ளகோவில் சித்தப்பாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வந்தது. யாருடைய கல்யாணம் என்று இல்லை. சந்தேகப்பட அதுவே போதும். ஆனால் பத்திரிகை வந்தும் பார்க்கவில்லை என்றால், அடுத்த மூன்று விசேஷத்துக்குச் சித்தி முகம் கொடுத்துப் பேசமாட்டார். செல்போனில் அது திறக்க மறுத்தது. பிரியா அலுவலகக் கணினியில் திறந்தார். எச்சரிக்கை ஒன்று வந்தது. அதை அங்கே வைத்தவர் அவரேதான். தள்ளிவிட்டு மேலே போனார்.

பத்திரிகை வரவில்லை. இரண்டு நிமிஷத்தில் பொதுக் கோப்புகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக மாறத் தொடங்கின.

இணைப்பு வயரைப் பிடுங்கு, உடனே சொல்: விதியை எழுதியவரும் அவர்தான். வயரைப் பிடுங்கினார். சொல்ல வாய் வரவில்லை. கேன்டீன் வாசல் கண்ணில் நின்றது. யாருக்கும் தெரியாமல் சரிசெய்துவிடலாம் என்று இருபது நிமிஷம் தட்டிக்கொண்டிருந்தார். ஆனால் அந்த வைரஸ் எல்லாருடைய கோப்புகளும் இருக்கும் சர்வருக்குள் ஏற்கெனவே புகுந்திருந்தது.

கதவருகே பழனியாத்தாள் வந்து நின்றார்.

"ஏனுங்க அம்மணி, ஸ்டோர்ஸ் ஃபைலு தொறக்க மாட்டேங்குதுங்க. நீங்க சொல்லிக் குடுத்தாப்பல ஒயரெல்லாம் புடுங்கிப்போட்டேன். சாமி சத்தியமா நான் எதையும் தொடலீங்க."

அப்போதுதான் பிரியா ஓடிப்போய் சர்வரை நிறுத்தினார். சத்தம் கேட்டு அருள்குமார் வந்தார்.

"எங்கிருந்து ஆரம்பிச்சுது?"

"எங்க ஸ்டோர்ஸ்லதானுங்க மொதல்ல தெரிஞ்சுது," என்றார் பழனியாத்தாள்.

"மறுக்காவும் நீங்களாங்க? இந்தத் தடவை மொதலாளிகிட்ட என்னால பேச முடியாதுங்க. நாளையிலிருந்து ஊட்டுலயே இருந்துக்கோங்க."

எங்கள் ஊரில் வேலையைவிட்டு அனுப்புவதும் மரியாதையாகத்தான்.

எங்கே தொடங்கியது என்று கணினிப் பதிவுகளைப் படித்துச் சொல்லத் தெரிந்தவர் அந்தக் கட்டடத்தில் பிரியா ஒருவரே. அவர் பேசாமல் இருந்தால் போதும். நான்கு மூச்சு நேரம் பேசாமல்தான் இருந்தார். பத்திரிகையைத் திறந்ததைவிட அந்த நான்கு மூச்சுதான் இன்றும் அவரைக் குறுக வைக்கிறது.

"நானுங்க சார்," என்றார். "சித்தப்பா பத்திரிகைன்னு தொறந்துபோட்டேன். இருபது நிமிஷமாச் சொல்லவும் இல்லீங்க."

அருள்குமார் பழனியாத்தாளை வேலையைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் போனார். யாரும் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

நகல் தனியே இருந்ததால் பம்பு வரைபடங்கள் தப்பின. ஸ்டோர்ஸில் சனிக்கிழமை எடுத்த நகலுக்குப் பின் ஏற்றியதெல்லாம் போயிற்று. துண்டுச் சீட்டுகள் இருந்தன. பழனியாத்தாள் வாசிக்க வாசிக்க, பிரியா தலைநிமிராமல் ஏற்றினார்.

மறுநாள் பலகையில் தன் பெயரைத் தானே எழுதினார். மத்தியானம் போசியோடு ஸ்டோர்ஸுக்கு வந்தார். பழனியாத்தாள் முக்காலியை நகர்த்திப் போட்டார்.

"கல்யாணம் யாருக்குங்க அம்மணி?"

"கல்யாணமே இல்லீங்க்கா. சித்தப்பா போனுக்குள்ள எவனோ பூந்து அனுப்பியிருக்கான்."

"அவுருகிட்டச் சொல்லீட்டீங்களா? இன்னும் எத்தனை பேருக்குப் போச்சோ."

பிரியா சொல்லவில்லை. சொன்னால் தான் திறந்ததையும் சொல்ல வேண்டும்.

"மனுசன் பயந்துக்குவாரு. பாத்துப் பேசுங்க," என்றார் பழனியாத்தாள்.

பிரியா கையைத் துடைத்துக்கொண்டு செல்போனை எடுத்தார்.

"சித்தப்பா, உங்க மேல தப்பில்லீங்க," என்று தொடங்கினார்.