கவிழ்த்து வைத்த ஸ்கேன் ரிப்போர்ட்

காரைக்குடி லேப் ஒன்றில் செல்களைப் பரிசோதிக்கும் டாக்டர் அவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றியிருந்தார். அப்பாவின் கணையத்தில் ஊசி குத்தி எடுத்த செல்கள் தடவிய ஸ்லைடைக் கொடுத்தேன். கூடவே நீட்டிய ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படிக்காமல் கவிழ்த்து, அதன்மேல் டீ கிளாஸை வைத்தார்.

“இதைப் படிச்சிட்டுப் பாத்தா, கண்ணு அதையேதான் தேடும்.”

மைக்ரோஸ்கோப்பில் வெகுநேரம் பார்த்துவிட்டு, “கேன்சர்தான்” என்றார். பிறகுதான் ரிப்போர்ட்டைப் படித்தார். அதிலும் அதுவே இருந்தது. உடனே ஸ்லைடை மறுபடி வைத்துக் குனிந்தார்.

“ரெண்டும் ஒத்துப்போச்சே, இன்னும் என்ன டாக்டர் பாக்குறீக?”

“நான் எங்க தப்புப் பண்ணிருக்கேன்னு.”

அவர் தப்புச் செய்திருக்க வேண்டுமென்று குன்றக்குடி முருகனை வேண்டியபடி நின்றேன். அப்பாவை ஒருமுறைகூடப் பார்த்திராத அவர், என்னைவிட நம்பிக்கையோடு அந்தத் தப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.